யாருக்கும் காட்டாத தோட்டம்

கல்லூரிப் பட்டிமன்றங்களில் எத்தனை முறை போட்டாலும் சலிக்காத தலைப்பு ஒன்று உண்டு. கலை கலைக்காகவா, மக்களுக்காகவா? முதல் அணி நேராக ஐரோப்பாவுக்குப் போகும். 19-ம் நூற்றாண்டு பிரான்ஸில் தியோஃபில் கோத்தியே போன்ற எழுத்தாளர்கள் 'கலை கலைக்காகவே' என்று முழங்கியதை எடுத்துச் சொல்லும். இரண்டாவது அணி, பசித்தவனுக்குக் கவிதை எதற்கு என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கும். நடுவர் 'இரண்டும் வேண்டும்' என்று தீர்ப்புச் சொல்ல, எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'கலை கலைக்காகவே' என்று சொன்னவர்கள் அந்த வாசகத்தையே புத்தகத்தில் அச்சடித்து, நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான் வெளியிட்டார்கள். பாராட்டு வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு கூட்டம் தேவைப்பட்டது!

சரி, நிஜமாகவே யாரும் பார்க்காத இடத்தில், யாராவது பார்த்துவிட்டால் வேலையே போய்விடும் என்ற பயத்தோடு, பதினைந்து வருடங்கள் போல ஒருவர் சிலைகள் செய்துகொண்டே இருந்தால்? அதை என்னவென்று சொல்வது?

அப்படி ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். பெயர் நேக் சந்த். ஊர் சண்டிகர். உத்தியோகம், பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர்.

கோடு போட்டுக் கட்டிய நகரம்

நேக் சந்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் சண்டிகரைப் பார்க்க வேண்டும்.

1947 பிரிவினையில் பஞ்சாப் இரண்டாக உடைந்தது. அதன் தலைநகரமான லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. சிவாலிக் மலையடிவாரத்தில் புதிதாக ஒரு நகரத்தையே கட்டுவது என்று முடிவானது. முதலில் திட்டம் போட்டவர்கள் ஆல்பர்ட் மேயர், மேத்யூ நோவிக்கி என்ற இருவர். 1950-ல் நோவிக்கி விமான விபத்தில் இறந்துபோக, பொறுப்பு லு கார்பூசியேவிடம் வந்தது. அன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர்களில் அவர் ஒருவர்.

அவர் வரைந்த சண்டிகர், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நகரம். செவ்வகம் செவ்வகமாக செக்டர்கள், அகலமான சாலைகள், வெறும் கான்கிரீட்டில் எழுந்த சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம். எது எங்கே இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி. நகரத்துக்கு என்றே அவர் ஒரு சாசனமும் எழுதிவைத்தார். தனி மனிதர்களுக்கு நகரத்திலோ பூங்காக்களிலோ சிலை வைக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. மூலைக்கு மூலை சிலை பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

இந்தப் புது நகரம் காலி நிலத்தில் முளைக்கவில்லை. அங்கே பல கிராமங்கள் இருந்தன. அவற்றைக் காலி செய்து, வீடுகளை இடித்துத்தான் செக்டர்கள் வந்தன. உடைந்த ஓடு, பானை, ஜாடி, செங்கல் எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன. நகரம் வளர வளர அதன் குப்பையும் சேர்ந்தது.

ஊரை இழந்தவர்

நேக் சந்த் 1924-ல் பிறந்தார். சொந்த ஊர் ஷகர்கர் பகுதியில் பரியான் கலான் என்ற கிராமம். விவசாயக் குடும்பம். பிரிவினையின்போது குருதாஸ்பூர் மாவட்டத்தின் பெரும்பகுதி இந்தியாவுக்கு வந்தது. ராவி நதிக்கு அந்தப் பக்கம் இருந்த ஷகர்கர் தாலுகா மட்டும் பாகிஸ்தானுக்குப் போனது. அதே மாவட்டத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிறந்திருந்தால் அவர் ஊரைவிட்டுப் போயிருக்கவே வேண்டாம். வரைபடத்தில் ஒரு கோடு கொஞ்சம் தள்ளி விழுந்ததில், இருபத்து மூன்று வயதுகூட நிரம்பாத அவர் குடும்பத்தோடு அகதியானார்.

1950-களின் தொடக்கத்தில் சண்டிகரில் வேலை கிடைத்தது. ஊரை இழந்த ஒருவருக்கு, ஊர்களை இடித்து எழும்பும் ஒரு நகரத்தில் ரோடு போடுவதை மேற்பார்வை பார்க்கும் வேலை! விதி சில சமயம் இப்படித்தான் கணக்குப் போடுகிறது.

ஓவியக் கல்லூரி வாசலை அவர் மிதித்ததில்லை. சிற்ப சாஸ்திரம் படித்ததில்லை. ஆனால் 1957-58 வாக்கில் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. மலையடிவார ஓடைகளின் படுகையில் தண்ணீர் அரித்துவைத்த கற்கள் விசித்திர வடிவங்களில் கிடக்கும். ஒன்று பறவை மாதிரி இருக்கும், இன்னொன்று உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

கொண்டுவந்து எங்கே வைப்பது? அங்கேதான் சிக்கல்.

சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் அரசு ஒதுக்கிவைத்த காட்டு நிலம் ஒன்று இருந்தது. எதுவும் கட்டக் கூடாது என்று தடை போட்ட இடம். புதர் மண்டிக் கிடந்ததால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நேக் சந்த் அந்தப் புதருக்கு நடுவே கொஞ்சம் இடத்தைச் சுத்தம் செய்து, ஒரு குடிசை போட்டு, தன் கற்களை அடுக்க ஆரம்பித்தார். சட்டப்படி அது அரசு நில ஆக்கிரமிப்பு. செய்தவரோ அரசு ஊழியர். மாட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஸ்க்ராப் வேல்யூ

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தேய்மானக் கணக்கில் 'ஸ்க்ராப் வேல்யூ' என்று ஒன்று வரும். ஒரு பொருளின் ஆயுள் முடிந்த பிறகு அதைத் தூக்கிப் போட்டால் என்ன தேறுமோ, அந்தத் தொகை. இயந்திரத்துக்கு ஏதோ கொஞ்சம் தேறும். உடைந்த கண்ணாடி வளையலுக்கு? விரிசல் விட்ட கழிப்பறைப் பீங்கானுக்கு? பூஜ்யம். சில சமயம் அதை அள்ளிக்கொண்டு போக நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

நேக் சந்தின் கச்சாப் பொருள் முழுக்க இந்தப் பூஜ்யங்கள்தான். உடைந்த வளையல்கள், பீங்கான் தட்டுகள், வாஷ்பேசின் துண்டுகள், மின்சார ஃப்யூஸ் கட்டைகள், பாட்டில் மூடிகள், தார் டிரம்கள், செங்கல் சூளையில் உருகிக் கட்டியான கசடு, சைக்கிளின் ஃபோர்க், மட்கார்டு, சீட்... நாவிதர் கடையில் வெட்டிப் போட்ட தலைமுடியைக்கூட விடவில்லை.

செய்முறை எளிமையானது. பழைய இரும்பிலும் சைக்கிள் பாகங்களிலும் ஒரு எலும்புக்கூடு. அதன்மேல் சிமெண்ட்டும் மணலும் கலந்து உடம்பு. கடைசியாகச் சிமெண்ட் பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே வளையல் துண்டுகளையோ பீங்கான் சில்லுகளையோ பதித்தால் அதுதான் தோல், அதுதான் உடை. இப்படித்தான் குடம் சுமக்கும் பெண்களும், வரிசையில் நிற்கும் சிப்பாய்களும், வாத்தியம் வாசிப்பவர்களும், குரங்குகளும், கரடிகளும், மயில்களும் உருவானார்கள்.

ஒற்றைச் சிலையாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி முகத்தோடு, கிட்டத்தட்ட ஒரே நிலையில், சரிவில் அடுக்கடுக்காக நிற்கும்போதுதான் ஒரு ஊரே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். அங்கங்கே முற்றங்கள், குறுகலான சந்துகள், தாழ்வான வாசல்கள். எவ்வளவு உயரமான ஆளாக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். அவர் மனதில் இருந்தது ஒரு ராஜ்ஜியம். சிறுவயதில் அம்மா சொன்ன ராஜா கதைகள், விட்டுவந்த கிராமம், எல்லாம் அதில் கலந்திருந்தன.

பகலில் ரோடு வேலை. மாலையிலும் இரவிலும் இந்த வேலை. வெளிச்சத்துக்குப் பழைய டயர்களைக் கொளுத்திக்கொள்வார். மனைவிக்குத் தெரியும். நம்பகமான ஓரிருவருக்குத் தெரியும். மற்றபடி அந்தக் காட்டுக்குள் என்ன நடக்கிறது என்று, சில நிமிட நடையில் இருந்த சட்டமன்றத்துக்கும் தெரியாது, நீதிமன்றத்துக்கும் தெரியாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தனி மனிதர் சிலையே கூடாது என்று சாசனம் எழுதிய நகரத்தின் தலைமாட்டிலேயே, எந்தத் தலைவருடையதும் அல்லாத, பெயரே இல்லாத சிலைகள் நூற்றுக்கணக்கில் வளர்ந்துகொண்டிருந்தன.

இங்கேதான் பட்டிமன்றக் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது. பாராட்டு வேண்டாம் என்று ஒதுக்குவது ஒரு வகை. பாராட்டு வர வழியே இல்லாத இடத்தில் வேலை செய்வது வேறு வகை. நேக் சந்துக்கு ஒரு பார்வையாளர் கிடைப்பதும் ஆபத்து கிடைப்பதும் ஒன்றுதான். 'நன்றாக இருக்கிறது' என்று ஒருவர் நாலு பேரிடம் சொன்னால்கூடக் கதை முடிந்துவிடும். அப்படியும் மறுநாள் சாயங்காலம் சைக்கிளை எடுக்க வைத்தது எது? புகழ் இல்லை, பணம் இல்லை, போட்டி இல்லை, பரிசு இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான். நேற்று பாதியில் விட்ட சிலைக்கு இன்று கை வைக்க வேண்டும். அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்திருக்கிறது, ஒரு நாளுக்கு இல்லை, வருடக்கணக்கில்.

வெளிச்சத்துக்கு வந்தபோது

1970-களின் முதல் பாதியில் ரகசியம் உடைந்தது. அதற்குள் தோட்டம் சுமார் 12 ஏக்கருக்குப் பரவியிருந்தது.

அதிகாரிகளின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். விதிப்படி பார்த்தால் இது முழுக்க முழுக்கச் சட்டவிரோதக் கட்டுமானம். இடித்துத் தள்ளி, கட்டியவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். எடுத்திருந்தால் யாரும் தவறு சொல்லியிருக்க முடியாது. ஆனால் பார்த்தவர்களுக்கு இடிக்க மனம் வரவில்லை. நகர மக்களும் நேக் சந்த் பக்கம் நின்றார்கள்.

1976-ல் அந்த இடம் 'ராக் கார்டன்' என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தண்டனை கிடைக்கும் என்று பயந்தவருக்குப் பதவி கிடைத்தது. ரோடு வேலையிலிருந்து விடுவித்து, சம்பளம் கொடுத்து, இந்தத் தோட்டத்தை வளர்ப்பதே அவர் வேலை என்று ஆக்கினார்கள். கூடவே ஐம்பது தொழிலாளர்கள். நகரத்துக் குப்பையை அவருக்காகவே சேகரித்துக் கொடுக்கவும் ஏற்பாடு ஆனது. 1983-ல் ராக் கார்டனுக்குத் தபால்தலை வந்தது. 1984-ல் பத்மஸ்ரீ. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரின் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு அவரே ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார்.

இத்தோடு நிறுத்தினால் அழகான கதை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உண்மையான வரலாறு அதற்கு மேலும் போகிறது.

அங்கீகாரத்தின் விலை

அங்கீகாரம் கிடைத்ததும் வேலையின் அளவு மாறியது. முதல் கட்டம் ஒரு மனிதர் தன் கையால், தன் இரவுகளில் செய்தது. அதன் சந்துகள் ஒரு ஆள் நடக்கிற அகலம். அடுத்தடுத்த கட்டங்களில் அருவிகள் வந்தன, ஓங்கிய சுவர்கள் வந்தன, பெரிய வளைவுகளில் ஊஞ்சல்கள் தொங்கின. தோட்டம் 25 ஏக்கரைத் தாண்டியது. பல கைகள் சேர்ந்து, பெரிய கூட்டத்துக்காகச் செய்தவை அவை. குறை என்று சொல்ல முடியாது. குடும்பத்தோடு வருபவர்கள் ஊஞ்சலாடுவதைப் பார்த்து அவரும் சந்தோஷப்பட்டவர்தான். ஆனால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. இது கண்ணுக்குத் தெரியாதது. காட்டுக்குள் இருந்தவரை அந்தத் தோட்டம் யாருடைய தயவையும் நம்பி இல்லை. வெளியே வந்த பிறகு, கோப்புகளின் தயவில் இருந்தது.

பக்கத்தில் இருந்த உயர் நீதிமன்றத்துக்கு வாகனம் நிறுத்த இடமும் சாலையும் வேண்டும் என்ற பேச்சு வந்தது. 1980-களின் இறுதியில் விஷயம் வழக்கு வரைக்கும் போய், தோட்டத்தின் பக்கம் தீர்ப்பானது. அந்தக் காலகட்டத்தில் புல்டோசர்கள் வந்தபோது சண்டிகர் மக்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். 1996-ல் அவர் வெளிநாடு போயிருந்த சமயம், தோட்டத்துக்கான ஆட்களும் பணமும் குறைக்கப்பட்டன. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத அந்த நேரத்தில் விஷமிகள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். புதருக்குள் ஒளிந்திருந்த வருடங்களில் நடக்காத சேதம், அரசு அங்கீகாரம் கிடைத்த பிறகு நடந்தது!

அதன் பிறகு, 1997-ல் அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை உருவானது. பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் வந்து பழுதுபார்த்தார்கள். நேக் சந்த் 2015 ஜூன் மாதம் தன் 90-வது வயதில் காலமானார். 2016-ல் லு கார்பூசியேவின் சண்டிகர் கட்டடத் தொகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பிடித்தது. பக்கத்திலேயே இருக்கும் ராக் கார்டனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 2025-ன் தொடக்கத்தில் அதே சாலை, அதே வாகன நிறுத்தக் காரணத்துக்காகத் தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மக்கள் மறுபடியும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 

பிரான்ஸில் ஒரு தபால்காரர்

இதே மாதிரி இன்னொரு மனிதர் பிரான்ஸில் இருந்தார். ஃபெர்டினான் ஷெவால். ஓத்ரீவ் என்ற கிராமத்துத் தபால்காரர். 1879-ல் தபால் கொடுக்கப் போகும் வழியில் ஒரு கல் தடுக்கியது. அதன் வடிவம் பிடித்துப்போய் எடுத்து வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் நடக்கும் வழியில் கல் பொறுக்கினார். முதலில் பாக்கெட்டில், பிறகு கூடையில், பிறகு தள்ளுவண்டியில். 33 வருடங்கள் உழைத்து 1912-ல் ஒரு கல் மாளிகையைக் கட்டி முடித்தார். ஊர்க்காரர்கள் பைத்தியம் என்றார்கள். 1924-ல் அவர் இறந்து 45 வருடங்கள் கழித்து, 1969-ல் பிரெஞ்சு அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஷெவால் தன் மாளிகைச் சுவரிலேயே எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் உழைத்தேன் என்று பொறித்து வைத்தார். கேலி செய்த ஊருக்கு அவர் சொன்ன பதில் அது. ஆக, அவருக்கும் யாராவது பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. நேக் சந்துக்கும் இருந்திருக்கும். தோட்டம் திறந்த பிறகு அவர் கதவை மூடிக்கொண்டு உட்காரவில்லையே! பாராட்டுக்கு ஆசைப்படுவது தப்பு என்று இந்த இரண்டு கதைகளும் சொல்லவில்லை. மனிதனுக்கு அந்த ஆசை இருக்கத்தான் செய்யும். அந்த ஆசை நிறைவேறும் வரை கை சும்மா இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கடைசியாக ஒரு கணக்கு

ஒரு படைப்பு உருவாவதற்கு அடுத்தவர் ஒப்புதல் தேவையில்லை. 12 ஏக்கர் அதற்குச் சாட்சி. ஆனால் அந்தப் படைப்பு நிலைத்து நிற்க அடுத்தவர்கள் வேண்டும். புல்டோசர் முன்னால் கைகோத்து நின்றவர்கள் அதற்குச் சாட்சி. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். நிலைத்து நிற்குமா, நாலு பேர் ஏற்பார்களா என்று முதலிலேயே கணக்குப் போடுகிறோம். ஏற்கமாட்டார்கள் என்று தோன்றினால் ஆரம்பிப்பதே இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கிய படமும், பாதியில் நின்ற கதையும், உறையோடு மூலையில் கிடக்கும் கிடாரும் அப்படித்தான் நின்றுபோகின்றன.

1958-ல் நேக் சந்த் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் விடை என்ன வந்திருக்கும்? முதலீடு: வாழ்க்கையின் எல்லா மாலை நேரங்களும். வரவு: பூஜ்யம். ரிஸ்க்: உத்தியோகம். எந்த ஆடிட்டரும் 'வேண்டாம்' என்றுதான் எழுதியிருப்பார். அந்தக் கணக்கில் தப்பும் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. டயர் எரியும் வெளிச்சத்தில், ஈரச் சிமெண்ட்டில் ஒரு பச்சை வளையல் துண்டைச் சரியான இடத்தில் அழுத்திவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்க்கிற அந்த நிமிடம். அதைப் பார்க்க அங்கே வேறு யாரும் இல்லை. 1976-ல் கதவு திறந்தபோது உலகத்துக்குக் கிடைத்தது சிலைகள்தான். அந்த நிமிடங்கள் அதற்கு முன்பே செலவாகிவிட்டன. அவற்றை முழுசாக அனுபவித்தவர் அவர் ஒருவர்தான்.

பத்மஸ்ரீயைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். தோட்டத்தை இடித்திருக்கவும் கூடும். அந்த நிமிடங்களை மட்டும் எந்த அரசாலும் திரும்ப வாங்கியிருக்க முடியாது.